பட்ஜெட் நிறைவேறாவிட்டால் எம்எல்ஏ, எம்பி சம்பளத்தை நிறுத்தலாமா?

மார்த்தாண்டம்காரன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே சட்டம் தெரிந்தவர்களும் அரசு வேலை பார்த்தவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

என் சித்தப்பா மகள் அமெரிக்காவில் ஒரு விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வேலை பார்க்கிறாள். 2025 அக்டோபர் 1-ம் தேதி அங்கே செலவு மசோதா நிறைவேறாமல் மத்திய அரசு முடங்கியது, நவம்பர் 12 வரை 43 நாள். அவள் வேலை அத்தியாவசியப் பணி என்பதால் தினமும் போயே ஆக வேண்டும், சம்பளம் மட்டும் வராது, முடக்கம் தீர்ந்த பிறகுதான் பாக்கியைத் தந்தார்கள். வாடகை கட்ட சித்தப்பா இங்கிருந்து பணம் அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் ஊரிலிருந்து அமெரிக்காவுக்குப் பணம் போனது அதுதான் முதல் தடவை.

அந்த 43 நாளும் சபையில் சண்டை போட்டவர்களுக்குச் சம்பளம் தடையில்லாமல் வந்தது, ஆண்டுக்கு 1,74,000 டாலர். அதனால்தான் அங்கே பல வருஷமாக ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது: இரண்டு கட்சியும் உட்கார்ந்து பேசி பட்ஜெட்டை நேரத்துக்கு நிறைவேற்றினால்தான் சம்பளம், இல்லையென்றால் இல்லை. கேட்டவுடனே எனக்குச் சரியாகப் பட்டது. வேலை முடியாவிட்டால் கொத்தனாருக்குக்கூட நாம் கூலியை நிறுத்தி வைக்கிறோம்.

இது அங்கே எங்காவது நடந்து பார்த்திருக்கிறதா, பலன் கிடைத்ததா? நம் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இப்படி ஒரு விதி கொண்டுவர முடியுமா? யாருக்காவது விவரம் தெரிந்தால் சொல்லுங்கள், கட்சிச் சண்டை வேண்டாம்.

தக்கலை வக்கீல்

நடந்து பார்த்திருக்கிறது தம்பி, அதுவும் மூன்று இடத்தில்.

முதலில் அவர்கள் நாடாளுமன்றத்திலேயே. 2013 ஜனவரியில், அரசு எவ்வளவு வரை கடன் வாங்கலாம் என்கிற உச்சவரம்பைக் கொஞ்ச காலத்துக்குத் தள்ளிவைக்கிற ஒரு சட்டத்தோடு இதைச் சேர்த்துவிட்டார்கள். ஏப்ரல் 15-க்குள் எந்தச் சபை பட்ஜெட் தீர்மானம் நிறைவேற்றவில்லையோ அந்தச் சபை உறுப்பினர்களின் சம்பளம் தனிக் கணக்கில் போய்விடும். கவனியுங்கள், பறிமுதல் இல்லை, நிறுத்திவைப்பு மட்டும்தான். தீர்மானம் நிறைவேறினாலோ அந்தச் சபையின் இரண்டு வருடக் காலம் முடிந்தாலோ முழுப் பணமும் கைக்கு வந்துவிடும். ஏன் இப்படி என்றால் அவர்களுடைய அரசியலமைப்பின் 27-வது திருத்தம். உறுப்பினர் சம்பளத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் இடையில் ஒரு தேர்தல் நடந்த பிறகுதான் அது செல்லும். 1789-ல் முன்மொழிந்த திருத்தம் 1992-ல்தான் ஒப்புதல் முழுமையானது, அது தனிக்கதை.

சரி, பலன்? மார்ச் மாதத்திலேயே இரண்டு சபையும் ஆளுக்கொரு பட்ஜெட் தீர்மானத்தை நிறைவேற்றின. மேல்சபை அப்படி ஒன்றை நிறைவேற்றி நாலு வருஷம் ஆகியிருந்தது, அந்த அளவுக்குப் பயம் வேலை செய்தது என்று சொல்லலாம். ஆனால் அது குடியரசுக் கட்சியின் பட்ஜெட் ஒன்று, ஜனநாயகக் கட்சியின் பட்ஜெட் ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கவே இல்லை. சட்டம் கேட்டது அவ்வளவுதானே, யாருக்கும் ஒரு டாலர் நிற்கவில்லை. அதே வருஷம் அக்டோபர் 1-ம் தேதி அரசு முடங்கி 16 நாள் கிடந்தது.

அடுத்து நியூயார்க் மாநிலம். 1998-ல் சட்டம் போட்டார்கள், ஏப்ரல் 1-க்குள் பட்ஜெட் முடியாவிட்டால் முடிகிற வரை உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது என்று. அதற்குப் பிறகும் 2004 வரை ஒவ்வொரு வருஷமும் தாமதம். ஏனென்றால் அங்கே பட்ஜெட்டை முடிவுசெய்கிறவர்கள் ஆளுநரும் இரண்டு சபைத் தலைவர்களும். பின்வரிசையில் இருக்கிற சாதாரண உறுப்பினருக்கு வீட்டுக்கடன் தவணை இடிக்கும், ஆனால் கையெழுத்து அவர் கையில் இல்லை.

மூன்றாவது கலிஃபோர்னியா, இதைத்தான் எல்லாரும் வெற்றி என்று காட்டுவார்கள். 2010-ல் பட்ஜெட் அக்டோபர் 8-ம் தேதி கையெழுத்தானது, நிதியாண்டு பிறந்து 100 நாள் கழித்து. அந்த நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் ஒரு திருத்தம் ஜெயித்தது. ஜூன் 15-க்குள் பட்ஜெட் இல்லையென்றால் அன்றிலிருந்து சம்பளமும் படியும் போச்சு, பிறகும் திரும்ப வராது. அதன் பின் பட்ஜெட் நேரத்துக்கு வருகிறது. ஆனால் அதே திருத்தத்தில் இன்னொன்றும் இருந்தது. அதுவரை பட்ஜெட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அதாவது எதிர்க்கட்சி ஆதரவு இல்லாமல் நகராது. அதைச் சாதாரணப் பெரும்பான்மையாகக் குறைத்துவிட்டார்கள். எதிர்க்கட்சியின் சம்மதமே தேவையில்லை என்று ஆன பிறகு தாமதம் எங்கிருந்து வரும்? என் கருத்தில் வேலை செய்தது இந்தப் பாதிதான். சம்பளப் பாதிக்காக இப்போது ஜூன் 15-க்குப் பெயருக்கு ஒரு பட்ஜெட்டை நிறைவேற்றிவிட்டு, உண்மையான பேரத்தைப் பின்னால் துணை மசோதாக்களில் முடித்துக்கொள்கிற வழக்கமும் வந்துவிட்டது.

2011-ல் ஒரு கூத்தும் நடந்தது. நிறைவேறின பட்ஜெட்டில் வரவும் செலவும் பொருந்தவில்லை என்று மாநிலக் கணக்கு அதிகாரி ஜான் சியாங் சம்பளத்தை நிறுத்தினார். உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள், பட்ஜெட் சரியா தப்பா என்று தீர்மானிக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதுபோல ஒரு விதி எங்கே வந்தாலும் முதல் சண்டை அதில்தான் வரும்: நிபந்தனை நிறைவேறியது என்று சான்று கொடுப்பது யார்?

குளச்சல் கரை

வக்கீல் அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி, ஆனாலும் நான் சம்பளத்தை நிறுத்தணும் என்கிற பக்கம்தான். பலன் இருக்கா இல்லையா என்பது அப்புறம். மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, எங்க பக்கம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31, ரெண்டு தடைக்காலமும் உள்ள ஒரே மாவட்டம் தமிழ்நாட்டில் நம்ம கன்னியாகுமரி மாவட்டமாக்கும். அந்த 61 நாள் விசைப்படகுத் தொழிலாளிக்கு வருமானம் கிடையாது, நிவாரணம் 8,000 ரூபாய். அந்தக் காசு தடைக்காலம் முடியறதுக்குள்ள வந்தா அரிசிக்கு ஆகும், முடிஞ்ச பிறகு வந்தா வட்டிக்காரனுக்குப் போகும். வருமானம் நின்னா வீட்டில் என்ன நடக்கும் என்பது சபையில் உட்காருகிறவருக்கு ஒரு தடவையாவது தெரியணும். அதுக்காகவே இந்த விதி வேணும்.

அப்புறம் ஒண்ணு. பட்ஜெட் நிறைவேறினா மட்டும் எங்களுக்கு என்ன? துறைமுகத்துக்கு இத்தனை கோடி, கடல் அரிப்பைத் தடுக்கக் கல்லு போடுற தூண்டில் வளைவுக்கு இத்தனை கோடி என்று பேப்பரில் வருது. கல்லு கடலில் விழுறதுக்குள்ள அடுத்த பட்ஜெட் வந்துருது.

கருவூலத்தில் இருந்தவன்

பணி ஓய்வு பெற்றுவிட்டேன், பில் பாஸ் பண்ணியே தலை நரைத்தவன், அதனால் இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் பட்ஜெட் நிறைவேறாமல் அரசு முடங்குகிற நிலை வராது. ஆளுங்கட்சிக்கு சபையில் பெரும்பான்மை இருந்தால்தான் அது ஆளுங்கட்சி. மானியக் கோரிக்கையில், அதாவது ஒரு துறையின் செலவுக்குச் சபையிடம் அனுமதி கேட்கிற வாக்கெடுப்பில், தோற்றால் அரசே கவிழ்ந்த மாதிரி. தேர்தல் நெருங்கினால் முன்பண மானியக் கோரிக்கை வைத்து நாலைந்து மாதச் செலவுக்கு அனுமதி வாங்கிவிடுவார்கள். 2021-ல் பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட், ஆட்சி மாறி ஆகஸ்ட் 13-ம் தேதி திருத்திய பட்ஜெட், நடுவில் ஒரு நாள்கூட கருவூலத்தில் சம்பள பில் நிற்கவில்லை. அமெரிக்காவில் ஜனாதிபதி ஒரு பக்கம், சபை ஒரு பக்கம், மேல்சபையில் செலவு மசோதா நகரவே 100-ல் 60 வாக்கு வேண்டும். 2025-ல் ஆளுங்கட்சியிடம் 53 பேர்தான். அந்த நோய்க்கான மருந்தை நாம் வாங்கிச் சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது?

நம்முடைய நோய் வேறு. இங்கே பட்ஜெட் தாமதமாவதில்லை, பேச்சே இல்லாமல் ஓடிவிடுகிறது. 2018 மார்ச்சில் மக்களவையில் எல்லா அமைச்சகத்தின் செலவையும் விவாதம் இல்லாமல் ஒரே மூச்சில் நிறைவேற்றினார்கள். 2023 மார்ச் 23-ம் தேதியும் அதேதான், 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட், அமளிக்கு நடுவில், ஒரு துறைகூடப் பேசப்படாமல். இதற்கு கில்லட்டின் என்று பெயர், விதியில் இடம் இருக்கிறது. சம்பளத்தை ‘பட்ஜெட் நிறைவேறியதா’ என்பதோடு கட்டினால் இந்த இரண்டு வருஷமும் எல்லாருக்கும் முழுச் சம்பளம் கிடைத்திருக்கும்!

குளச்சல் தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2018 கூட்டத்தொடரை நினைத்துப் பாருங்கள். அது முடங்கியதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு நம் தமிழ்நாட்டு எம்பிக்கள் நின்று குரல் கொடுத்தது. ஆந்திரக்காரர்கள் சிறப்பு அந்தஸ்து கேட்டார்கள். அந்தத் தொடர் முடிகிறபோது தேசிய ஜனநாயகக் கூட்டணி 23 நாள் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதாக அறிவித்தது. அது அவர்களாகச் செய்தது. அதையே சட்டமாக்கினால், மாநில உரிமைக்காகச் சபையை நிறுத்தினவருக்குத்தான் வெட்டு விழும். ‘கட்சிகள் ஒத்துழைத்தால் சம்பளம்’ என்பது, ஒத்துழைக்க மறுப்பதே கடமையாக இருக்கிற நாளில் நம் ஆளுக்கு எதிராகத் திரும்பும். இதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்று, கட்சி தாவல் தடைச் சட்டம், 1985-ல் வந்தது. கொறடா சொன்னபடி வாக்களிக்காவிட்டால் சம்பளம் என்ன, பதவியே போகும். 2021 தேர்தலில் நம் மாவட்டத்து ஆறு தொகுதியில் நாலு கட்சி ஜெயித்தது: கன்னியாகுமரி அதிமுக, நாகர்கோவில் பாஜக, பத்மநாபபுரம் திமுக, குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர் மூன்றும் காங்கிரஸ். இந்த ஆறு பேரும் சேர்ந்து கோதையாறு கடைவரம்புக் கால்வாய்க்குப் பணம் போதாது என்று நீர்வளத்துறை மானியக் கோரிக்கையில் ஒரே பக்கம் வாக்களிக்க முடியுமா? முடியாது. வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று இருக்கிறது, கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லி எதிர்ப்பைக் காட்டுவது, எதிர்க்கட்சி கொடுக்கும், அது வாக்கெடுப்பில் தோற்கும் என்று கொடுக்கிறபோதே எல்லாருக்கும் தெரியும். கொறடா கையில் இவ்வளவு பலம் இருக்கிறபோது ஒரு மாதச் சம்பளத்தைக் காட்டி யாரை ஒத்துழைக்க வைப்பீர்கள்?

அப்படியானால் கட்சி கடந்து பேச வைக்கவே முடியாதா என்றால், முடியும். அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், களியக்காவிளையைத் தாண்டினால் போதும். கேரள சட்டமன்றத்தில் 1980 முதல் துறைவாரியாகப் பொருட்குழுக்கள் இருக்கின்றன. நிதியமைச்சர் பட்ஜெட் படித்த பிறகு துறைகளின் மானியக் கோரிக்கைகள் இந்தக் குழுக்களுக்குப் போகும். எல்லாக் கட்சி உறுப்பினரும் இருப்பார்கள், செயலாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார்கள், போன வருஷம் ஒதுக்கினதில் எவ்வளவு செலவானது, ஏன் திரும்பிப் போனது, இந்தத் தலைப்பில் ஏன் பெயருக்கு ஒரு டோக்கன் தொகை மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்று. குழுவுக்கு அமைச்சரே தலைவர் என்பது ஒரு குறை. ஆனாலும் மூடிய அறையில், கேமரா இல்லாமல் உட்கார்ந்தால் கட்சிக் கோஷம் குறைந்து கணக்குப் பேச்சு கூடும். நாடாளுமன்றத்தில் 1993-ல் துறைசார் நிலைக்குழுக்கள் வந்தன. நம் சட்டமன்றத்தில் பொதுக்கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு எல்லாம் உண்டு, நல்ல குழுக்கள்தான், ஆனால் பட்ஜெட்டுக்கு வாக்களிக்கும் முன்னால் துறை துறையாகப் பிரித்துப் பார்க்கிற இந்த வேலை இல்லை. கொள்கை விளக்கக் குறிப்பு மேசைக்கு வரும், ஒரே நாளில் இரண்டு மூன்று துறை விவாதம், அமைச்சர் பதிலுரை, குரல் வாக்கெடுப்பு, முடிந்தது.

நான் கேட்பது இதைத்தான். சம்பளத்தைப் பிடிப்பதற்கு ஆகிற சக்தியை இந்தக் குழு கொண்டுவருவதில் செலவழிக்க வேண்டும்.

மார்த்தாண்டம்காரன்

ஐயா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. கேரளத்து விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, தினமும் பாறசாலை வழியாகப் போய் வருகிறவன் நான். ஆனாலும் ஒரு சந்தேகம். குழு வைத்தாலும் அங்கே வராதவரை என்ன செய்வது? அதற்காவது சம்பளத்தோடு ஒரு முடிச்சு வேண்டாமா?

வார்டு மெம்பர் அக்கா

நான் ஒரு பேரூராட்சியில் கவுன்சிலர், 2022-ல் ஜெயித்து வந்தேன், கட்சி எது என்று இங்கே வேண்டாம். எங்களுக்கு 2023 வரை மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, அந்த வருஷம்தான் மதிப்பூதியம் அறிவித்தார்கள், பேரூராட்சி கவுன்சிலருக்கு மாதம் 2,500 ரூபாய், மாநகராட்சியில் 10,000. ஆகவே சம்பளத்துக்காக யாரும் இங்கே வரவில்லை, சம்பளம் போய்விடும் என்று பயந்து யாரும் மாறப்போவதும் இல்லை. எங்கள் மன்றத்தில் பீடித் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு அந்த 2,500 பெரிய காசு. ஒப்பந்த வேலை எடுக்கிற குடும்பத்து உறுப்பினருக்கு அது டீச்செலவு. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் நிறுத்தினால் முதலில் யார் பணிந்து கையெழுத்துப் போடுவாள் என்று நினைக்கிறீர்கள்? பணம் இருக்கிறவர் பொறுத்துக்கொண்டு மற்றவரைத் தன் வழிக்கு இழுத்துவிடுவார். அமெரிக்காவாக இருந்தாலும் இது இப்படித்தான் நடக்கும்.

எங்கள் இடத்தில் ஒத்துழைப்பு எப்படி வந்தது என்றும் சொல்கிறேன். முதல் வருஷம் பட்ஜெட் கூட்டத்தில் பொருள் நிரல் முந்தின நாள் இரவுதான் கைக்கு வந்தது, காலையில் ‘ஆட்சேபணை உண்டா, இல்லை, நிறைவேறியது’. எதிர்த்தரப்பு வார்டுகளுக்குத் தெருவிளக்குகூட இல்லை, நாங்கள் வெளிநடப்புச் செய்தோம், அடுத்த நாள் பேப்பரில் வந்தது, அவ்வளவுதான். மறு வருஷம் எங்கள் தரப்பில் நாலு பேர், அவர்கள் தரப்பில் இரண்டு பேர், எல்லாரும் பெண்கள், கூட்டத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் உட்கார்ந்து வார்டு வார்டாக ஓடை, குடிநீர்க் குழாய், விளக்கு எழுதினோம். ஓடை ஒரு வார்டில் ஆரம்பித்து இன்னொரு வார்டில்தானே முடியும், மேல் வார்டில் மட்டும் கட்டினால் தண்ணீர் கீழ் வார்டு வீட்டுக்குள் போகும். அந்தக் கணக்கைக் காட்டினபோது தலைவருக்கும் மறுக்க முடியவில்லை. பத்து நாள் முன்னால் கணக்கு கையில் கிடைத்தால் கட்சி பார்க்காமல் பேச முடிகிறது. இரவு கிடைத்தால் கத்தத்தான் முடியும். ஐயா சொன்ன குழு இதைத்தான் செய்யும் என்று நினைக்கிறேன்.

தக்கலை வக்கீல்

மார்த்தாண்டம் தம்பியின் சந்தேகத்துக்கு. சம்பளத்தையும் படியையும் பிரித்துப் பாருங்கள். எம்பிக்கு இப்போது மாதச் சம்பளம் 1,24,000 ரூபாய், அது போக கூட்டத்தொடர் நாளில் தினப்படி 2,500. தினப்படிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வேண்டும் என்பது ஏற்கெனவே இருக்கிற விதி. ஆக ‘வந்தால்தான் காசு’ என்கிற முடிச்சு நம் நாட்டில் உண்டு, சின்ன முடிச்சு. அதைக் குழுக் கூட்டத்துக்கும் இறுக்கமாக நீட்டலாம், உட்கார்ந்த நேரத்துக்கு மட்டும் படி என்று. இதில் யார் எப்படி வாக்களித்தார், கத்தினாரா, ஒத்துழைத்தாரா என்கிற கேள்வியே வராது. காவிரிக்காகக் குரல் கொடுத்தவரும் வந்திருந்தால் அவருக்கு உண்டு.

மாதச் சம்பளத்தில் கைவைக்க நம் அரசியலமைப்பில் அமெரிக்கா மாதிரி தடை கிடையாது. 106-வது பிரிவு எம்பிக்கு, 195-வது பிரிவு எம்எல்ஏவுக்கு, இரண்டிலும் அந்தந்தச் சபையே சட்டம் போட்டுத் தீர்மானிக்கலாம். 2020-ல் கொரோனா சமயத்தில் ஒரு அவசரச் சட்டத்தில் எம்பிக்கள் சம்பளத்தை ஒரு வருஷத்துக்கு 30 சதவீதம் குறைத்தார்களே, அது உடனே அமலுக்கு வந்தது. ஆனால் அதே அதிகாரத்தால்தான் 2017 ஜூலையில் நம் எம்எல்ஏக்களின் சம்பளமும் படிகளும் சேர்ந்து 55,000-லிருந்து 1,05,000 ஆனது, அப்போது டெல்லியில் நம் விவசாயிகள் போராட்டத்தில் இருந்தார்கள். தனக்கே தண்டனை எழுதிக்கொள்ளும்படி ஒரு சபையிடம் கேட்பதைவிட, எத்தனை நாள் கூட வேண்டும் என்று கேட்பது நடக்கிற காரியம். அரசியலமைப்பின் செயல்பாட்டை மறுஆய்வு செய்த வெங்கடாசலய்யா ஆணையம் 2002-ல் பெரிய மாநிலச் சட்டமன்றங்கள் வருஷத்தில் குறைந்தது 90 நாள் கூட வேண்டும் என்று பரிந்துரைத்தது. திமுக 2021 தேர்தல் அறிக்கையில் 100 நாள் என்று எழுதியது. அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூடப் போகவில்லை. அதற்கு முன் அதிமுக ஆண்டபோதும் நிலைமை இதுதான்.

குளச்சல் கரை

படியை நேரத்தோடு கட்டுறது எனக்குச் சம்மதம். மெம்பர் அக்கா சொன்ன பீடித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை விஷயத்தை நான் யோசிக்கல, எங்க ஊரிலும் அப்படித்தான் நடக்கும். ஆனா ஐயா, குழு அது இது என்றால் நாங்க எங்கே போய் யாரிடம் கேட்கணும்? மீன்வளத்துறையில் தூண்டில் வளைவுக்கு ஒதுக்கினது எவ்வளவு, செலவழிச்சது எவ்வளவு என்று எங்க ஆளுகளுக்கு யார் சொல்லுவா?

கருவூலத்தில் இருந்தவன்

ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீடு, முந்தின வருஷத்து உண்மைச் செலவு, மூன்றும் பட்ஜெட் ஆவணங்களில் அச்சாகிறது, நிதித்துறை இணையதளத்தில் கிடைக்கும். மீன்வளத்துக்கு என்று தனி மானியக் கோரிக்கைப் புத்தகம் இருக்கும், அதில் மூலதனச் செலவு என்கிற பகுதியைப் பாருங்கள், மீன்பிடித் துறைமுகமும் தூண்டில் வளைவும் பெரும்பாலும் அங்கேதான் வரும். திருத்திய மதிப்பீடு முதல் மதிப்பீட்டைவிட ரொம்பக் குறைந்திருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, துறை விவாதத்துக்கு வருகிற நாளுக்கு ஒரு வாரம் முன்னால் மாவட்டத்து ஆறு எம்எல்ஏவுக்கும் ஒரே மனுவாகக் கொடுங்கள், ஆளுக்குத் தனித்தனியாக வேண்டாம். கடற்கரையின் எல்லாத் தேவாலயப் பங்கிலிருந்தும் கையெழுத்து இருக்கட்டும். துறை வாரியாக விவாதத் தேதி பேரவைச் செயலகம் அறிவிக்கும். வந்ததும் இந்த இழையிலேயே போடுகிறேன். புத்தகத்தில் எந்தத் தலைப்பு என்று தெரியாவிட்டால் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

வார்டு மெம்பர் அக்கா

ஐயா, நீர்வளத்துறைப் புத்தகத்துக்கும் இதேபோல ஒரு வழி சொன்னால் கடைவரம்புக்காரர்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு.